தாதி வக்கீலான கதை



நம்ம முன்னோர் இங்கே வந்த மாதிரியே, 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர் கப்பலிறங்கிய ஊர் தென்னாபிரிக்காவின் டர்பன். அங்கே தாதியாக இருந்தவர் விக்டோரியா ம்செங்கே என்ற கறுப்பினப் பெண். வேலை செய்துகொண்டே தபால் மூலம் சட்டம் படித்து, 1981இல் வக்கீலானார். அவ்வருடமே வக்கீலான அவர் கணவரைக் கொன்றார்கள். அவர் கந்தோரை மூடவில்லை. நிறவெறி அரசு பிடித்தடைத்த இளைஞருக்காக நின்றார். 1985 ஆகஸ்ட் 1ஆம் திகதி அவரையும் வீட்டு வாசலில் கொன்றார்கள்.

பிறகு கேப்டவுனில் குடிசைவாழ் பெண்கள் சில்லறை சேர்த்துத் தாங்களே வீடு கட்டி, அந்தக் குடியிருப்புக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

மகளுக்கு வேலை கிடைத்தால் படிப்பு முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். இல்லைங்க. அதற்குப் பிறகும் படிக்கலாம். நம்ம லயத்துக்காகவும் பேசலாம்.