வாசுதேவநல்லூர்க் கோட்டையும் ஒரு முனைவர் பட்ட ஆய்வும்

வாசுதேவநல்லூரில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு மண்கோட்டை இருந்தது. நெற்கட்டும்செவலை ஆண்ட பூலித்தேவருக்கு உரிய கோட்டை அது. 1759-ஆம் ஆண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி யூசுப்கான் அதை முற்றுகையிட்டார், பிடிக்க முடியவில்லை. 1761-இல் கோட்டை அவர் கைக்குப் போனது. 1767-இல் டொனால்டு கேம்பல் தலைமையில் வந்த கம்பெனிப் படை மறுபடியும் அதைத் தாக்கியது. பாடநூல் இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும். இதே கோட்டையை முனைவர் பட்டத்துக்கான பொருளாக எடுத்துக்கொண்ட ஒருவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தச் செய்தியெல்லாம் யார் சொல்லி நமக்குத் தெரிய வந்தது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அடுத்த சில ஆண்டுகளில் அவர் படிப்பது, அலைவது, எழுதுவது எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கும்.

பல்கலைக்கழகத்தில் பதிவு செய்வது ஆய்வின் முதல் வாசல். தென்காசி, திருநெல்வேலி வட்டாரத்து மாணவர்கள் பெரும்பாலும் நாடுவது 1990-இல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் 6 ஆண்டு. பெண் ஆய்வாளர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதல் காலம் உண்டு. பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. எம்.ஃபில். என்ற இடைப்படி இப்போது இல்லை. பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் வழிகாட்டக் கூடாது. ஆய்வு முறையியலும் ஆய்வு அறமும் அடங்கிய கோர்ஸ் வொர்க்கில் தேறிய பிறகுதான் மேற்கொண்டு போக முடியும்.

தலைப்பை முடிவு செய்வதற்குள்ளேயே பல மாதங்கள் ஓடிவிடும். ‘பூலித்தேவர் வரலாறு’ என்று எழுதிக்கொண்டு போனால் எந்தக் கைடும் ஒப்புக்கொள்ள மாட்டார். அது ஒரு நூலுக்குப் பெயராகலாம், ஆய்வுக்கு ஆகாது. கம்பெனியின் கர்னல் ஹெரானும் ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் நெற்கட்டும்செவல் மீது படையெடுத்த 1755-இல் தொடங்கி 1767-இல் முடித்துக்கொண்டு, மேற்குப் பாளையங்கள் படை திரட்டிய விதத்தை மட்டும் பார்ப்பது ஓர் ஆய்வுக்குப் போதும். காலத்தையும் இடத்தையும் இப்படிக் குறுக்கிக் கட்டுவது தோல்வி என்று புதிய மாணவர்கள் நினைத்து வருந்துவதுண்டு. உண்மையில் எல்லை கட்டிய பிறகுதான் எதைத் தேட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தெளிவாகும்.

பிறகு நூலகம். முதல் ஆண்டின் பெரும்பகுதி முன்னோர் எழுதியதைப் படிப்பதிலேயே போகும். ஆய்வு முறையின் மிக முக்கியமான பாடமும் இந்த மேசையில்தான் கிடைக்கிறது. வாசுதேவநல்லூர் முற்றுகையைப் பற்றிப் பல நூல்கள் பேசுகின்றன. அண்மைக் காலத் தமிழ் நூல்கள் பலவும் கால்டுவெல்லை ஆதாரம் காட்டும். இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல் 1881-இல் திருநெல்வேலி மாவட்டத்தின் அரசியல் வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் இந்தப் போர்களைச் சொல்லும் இடங்களில் அவர் பெரிதும் சார்ந்திருப்பது ராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாற்றை. ஓர்ம் சென்னையில் கம்பெனியின் ஆட்சிக்குழுவில் இருந்தவர். ஆனால் 1758-இலேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டார். முற்றுகை நடந்தது அவர் போன பிறகு. ஆகவே அவர் கண்ணால் கண்டு எழுதவில்லை. இங்கிருந்து போன கடிதங்களையும் அறிக்கைகளையும் இங்கிலாந்தில் வைத்துக்கொண்டு எழுதினார். அந்தப் பகுதி அச்சில் வந்தது 1778-இல்.

இந்தச் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துப் போகும் மாணவருக்கு ஓர் உண்மை புலப்படும். ஐந்து நூல்கள் ஒரே செய்தியைச் சொன்னாலும், ஐந்தும் ஒருவரையே பார்த்து எழுதியிருந்தால் சாட்சி ஒன்றுதான். அந்த ஒரு சாட்சியும் கோட்டைக்கு வெளியே நின்று தாக்கிய படையின் கடிதங்கள். உள்ளே இருந்தவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள், எத்தனை நாளுக்குத் தவசம் இருந்தது, யார் யார் மடிந்தார்கள் என்பதை அந்தக் கடிதங்கள் அறியா. அடிக்குறிப்பு என்பது பக்கத்தின் அடியில் போடும் அலங்காரம் அல்ல, ஒரு செய்தி எந்த வழியாக வந்தது என்பதைக் காட்டும் தடம் என்பது அப்போதுதான் மாணவருக்கு உறைக்கும். ஆய்வு முறை பற்றிய எந்த வகுப்பும் இவ்வளவு ஆழமாக இதைக் கற்பித்துவிடாது.

அச்சு நூல்களைத் தாண்டி மூல ஆவணங்களுக்குப் போக வேண்டுமானால் சென்னை எழும்பூர். 1909-இல் மதராஸ் ரெக்கார்டு ஆபீஸ் என்று தொடங்கி இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகமாக இருக்கும் அந்தக் கட்டடத்தில் 1670 முதலான கம்பெனிப் பதிவுகள் உள்ளன. கைடின் கடிதத்தோடு விண்ணப்பித்து, அனுமதி வாங்கி, அட்டவணையைப் பார்த்துத் தொகுதியின் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கப் புரட்டியும் உதவாத பக்கங்களே வருவதுண்டு. அந்தக் காலத்து எழுத்தர்கள் ஊர்ப்பெயரைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஓர்ம் நூலிலேயே வாசுதேவநல்லூர் ‘வாஷினெலோர்’ என்றும் நெற்கட்டும்செவல் ‘நெல்லிடங்காவில்’ என்றும் வருகின்றன. இந்த வடிவங்களைப் பட்டியலிட்டு வைத்துக்கொள்ளாத மாணவர் தன் ஊரைப் பற்றிய பக்கத்தையே கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்.

தேதியையும் விடாமல் குறிக்க வேண்டும். யூசுப்கானைப் பற்றிய கடிதங்களே இதற்குச் சான்று. வாசுதேவநல்லூரைத் தாக்கியபோது அவர் கம்பெனிக்கு நம்பிக்கையான தளபதி. சில ஆண்டுகளில் அவரே கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து நின்று, 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். 1914-இல் அவரைப் பற்றி எழுதிய எஸ்.சி. ஹில் தன் நூலின் தலைப்பிலேயே அவரைக் கலகக்காரத் தளபதி என்று குறித்தார். ஒரே மனிதரைப் பற்றிய இரண்டு கடிதங்கள் எதிரெதிராகப் பேசினால், முதலில் பார்க்க வேண்டியது எந்தக் கடிதம் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதை.

இத்தனையையும் நினைவில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. நூலின் பெயர், பதிப்பு, பக்க எண், பார்த்த நாள், எடுத்த வரி, அதன் மேல் தோன்றிய சொந்தக் கருத்து ஆகியவற்றைத் தனித்தனியே குறித்து வைக்கும் பழக்கம்தான் ஆய்வு மாணவரைக் கடைசிவரை காப்பாற்றுகிறது. முன்பு இதற்கு அட்டைகள் இருந்தன. இப்போது ஸோட்டெரோ போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. பிறருடைய வரியும் தன்னுடைய கருத்தும் குறிப்பேட்டிலேயே கலந்துவிட்டால், மூன்று ஆண்டு கழித்து எது யாருடையது என்று பிரிக்க வழியில்லை. கருத்துத் திருட்டு என்று பின்னால் பிடிபடுபவற்றில் ஒரு பகுதி கெட்ட எண்ணத்தால் வருவதல்ல. இந்தக் கலப்பிலிருந்து வருவது.

களப்பணி வேறு உலகம். கோட்டைக்குள் இருந்தவர்களின் பக்கத்தைக் கேட்க வேண்டுமானால் ஊருக்குள் போய்த்தான் ஆக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் இடையே இருக்கும் இந்த ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பூலித்தேவர் கதை இன்னும் சொல்லப்படுகிறது. அவருடைய தளபதிகளாக நினைவுகூரப்படும் ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி ஆகியோரின் கதைகளும் சொல்லப்படுகின்றன. தெருவுக்குத் தெரு கதையின் மையத்தில் நிற்கும் வீரர் மாறுவார். எந்தத் தெருவின் கதை சரி என்று தீர்ப்புச் சொல்வது ஆய்வாளரின் வேலையல்ல. ஒவ்வொரு சமூகமும் அந்தப் போரில் தன் முன்னோரின் பங்கை எப்படிக் காத்து வைத்திருக்கிறது என்பதே அவர் கவனிக்க வேண்டிய பொருள். எல்லாத் தெருக்களுக்கும் போகாமல் ஒரு தெருவோடு நின்றுவிட்டால், எத்தனை மணி நேரம் பதிவு செய்திருந்தாலும் அந்த ஆய்வு சாய்ந்துதான் நிற்கும்.

திண்ணையில் உட்கார்ந்ததும் ஆய்வாளர் கேள்வி கேட்பதற்கு முன்பே அவரிடம் ஒரு கேள்வி வரும்: “நீ எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?” இதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே பெரியவர் எதைச் சொல்வார், எதை விழுங்குவார் என்பது அமைகிறது. ஆய்வாளரின் சாதியும் பாலும் ஊரும் தரவைத் தொடுகின்றன. இதை மறைக்காமல் ஆய்வேட்டின் முறையியல் இயலில் எழுதிவிடுவதே நேர்மை. பதிவு செய்வதற்கு முன் சம்மதம் கேட்க வேண்டும். பெயரைப் போடலாமா என்றும் கேட்க வேண்டும்.

கதை முடிந்ததும் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு: “இதை யாரு சொல்லிக் கேட்டீங்க தாத்தா?” “எங்க அய்யா சொல்லுவாரு” என்று பதில் வரலாம். விழாவில் விற்ற புத்தகத்தில் படித்ததாகவும் வரலாம். ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் எழுந்துள்ளது. 2022-இல் அஞ்சல்தலையும் வந்தது. நெற்கட்டும்செவலில் செப்டம்பர் 1-ஆம் தேதி பூலித்தேவர் விழா நடக்கிறது. அச்சும் மேடையும் சொன்னவை திரும்ப வாய்மொழிக்குள் கலக்கின்றன. அப்படிக் கலந்ததால் அந்தக் கதை பயனற்றதாகிவிடாது; ஆனால் அதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் சாட்சி என்று எழுதக் கூடாது, இன்றைய நினைவின் சாட்சி என்றே எழுத வேண்டும்.

இந்த மண்ணில் ஆய்வு செய்து வழிகாட்டியவர்கள் உண்டு. டேவிட் லட்டன் திருநெல்வேலிச் சீமையின் வேளாண்மையைப் பற்றிய ஆய்வுக்காக 1978-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1985-இல் அது வளர்ந்து நூலானது. ஆற்றுப் பாசன நன்செய், மானாவாரிப் புன்செய், இரண்டும் கலந்த பகுதி என்று மாவட்டத்தைப் பிரித்து, நீரைப் பொறுத்து ஊரும் அதிகாரமும் எப்படி வேறுபட்டன என்று காட்டினார். மலையிலிருந்து இறங்கும் நீரைக் குளத்தில் தேக்கிப் பயிர் செய்த இந்த அடிவாரத்தில் பாளையங்கள் ஏன் வலுத்தன என்று கேட்பவருக்கு அந்தப் பிரிவினை நல்ல பிடி.

பல்கலைக்கழகப் பதவி இல்லாமலே ஓர் ஆய்வு மரபை உண்டாக்கியவர் நா. வானமாமலை. அவர் 1967-இல் பாளையங்கோட்டையில் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1969 முதல் ‘ஆராய்ச்சி’ இதழை நடத்தினார். இளைஞர்கள் கட்டுரை எழுதிக் குழுவில் படிப்பார்கள், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், எழுதியவர் திருத்துவார். அவர் பதிப்பித்த ‘கான்சாகிபு சண்டை’ கதைப்பாடலை மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கடிதங்களில் வரும் அதே யூசுப்கானை மக்கள் பாட்டில் சந்திக்க அந்தப் பதிப்பு வழி செய்தது. இன்றைய ஆய்வு மாணவர்கள் பலருக்கு இல்லாமல் போனது அப்படிப்பட்ட கூட்டம்தான். துறையில் ஆளுக்கு ஒரு தலைப்பு, ஆளுக்கு ஒரு மேசை. ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதே அரிது. மாதம் ஒரு மாலை ஒதுக்கி நான்கு ஸ்காலர்கள் சேர்ந்து படித்தால் இந்தக் குறை பாதி தீரும்.

அன்றாடத்தில் பணமும் ஒரு பெரும் பகுதி. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் உதவித்தொகை பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அடுத்த கட்டத்தில் 42,000. அது கிடைக்காதவர்கள் கல்லூரிகளில் தற்காலிகமாகப் பாடம் நடத்திக்கொண்டு இரவில் எழுதுகிறார்கள். வீட்டிலும் தெருவிலும் “எப்போ முடிப்பே?” என்ற கேள்வி ஓய்வதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நின்று வேலை எவ்வளவு நகர்ந்தது என்று சொல்ல வேண்டும். தேதி நெருங்கும்போது பதற்றம் தரும் அந்தக் கூட்டம்தான், தனியே கிடந்து உழலும் மாணவரை எழுத உட்கார வைக்கிறது.

எழுத்து கடைசியில் செய்யும் வேலை என்று தள்ளிப் போடுபவர்கள் ஆறாம் ஆண்டில் திணறுகிறார்கள். களத்திலிருந்து வந்த வாரமே சில பக்கம் எழுதிவிடுபவருக்கு எங்கே சான்று குறைகிறது என்பது அப்போதே தெரியும். திரும்பவும் ஊருக்குப் போய்க் கேட்டுவர நேரமும் இருக்கும். சினாப்சிஸ் என்னும் ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுத்த பிறகு ஆய்வேடு ஒப்புமைச் சோதனைக்குப் போகிறது. மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிப்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 40-க்கு மேல் போனால் ஓராண்டுக்குத் திரும்பக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும்.

கைடைத் தவிர வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் படித்து அறிக்கை தருவார்கள். பிறகு வைவா என்னும் வாய்மொழித் தேர்வு. ஆசிரியர்களும் பிற ஆய்வு மாணவர்களும் வந்து உட்காரலாம், கேட்கலாம். இந்தச் செய்திக்கு ஓர்மைத் தவிர வேறு சான்று என்ன என்று தேர்வாளர் கேட்கும்போது, ஆவணத்தின் எண்ணையும் தேதியையும் சொல்லத் தெரிந்தவர் தடுமாற மாட்டார். சான்று கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று சொல்வதும் ஏற்கத்தக்க பதிலே.

பட்டம் உறுதியான பின் ஆய்வேட்டின் மின்படி காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்னெட் நடத்தும் ‘ஷோத்கங்கா’ களஞ்சியத்தில் ஏறும். அதன்பின் எந்த ஊரிலிருந்தும் யாரும் படிக்கலாம். களத்தில் பதிவு செய்த குரல்கள் அதோடு சேர்ந்து போவதில்லை. அவை பெரும்பாலும் ஆய்வாளரின் கைபேசியிலேயே கிடந்து அழிகின்றன. பேசியவரின் பெயர், ஊர், பதிவு செய்த நாள் ஆகிய விவரங்களோடு அவற்றில் ஒரு படியைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் போன்ற இடத்திலும், ஒரு படியைப் பேசியவரின் வீட்டிலும் சேர்க்க ஒரு நாள் பயணம் போதும். விதி கேட்காவிட்டாலும் ஆய்வாளர் செய்து முடிக்க வேண்டிய வேலை அது.