கட்டியிடம் கேட்க வேண்டிய கேள்வி

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"பத்து நிமிஷம் பேசுங்க, பழைய கதையாப் பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். பழைய கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் விலங்கியல் வகுப்பில் ஒரு நண்பன், பெயர் வேண்டாம். பீடி, சிகரெட் தொட்டவன் இல்லை. ஐம்பதைத் தாண்டியதும் இருமல் பிடித்தது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது. காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். நாலு மாதம் விழுங்கினான். இருமல் நிற்கவில்லை, உடம்புதான் இளைத்தது. பிறகுதான் சதை எடுத்துப் பார்த்தார்கள்: நுரையீரல் புற்றுநோய். "நான் என்னடா தப்புப் பண்ணினேன்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். ஏழு மாதத்தில் போய்விட்டான். அந்தப் பதிலைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

கல்லணைக் கால்வாயின் கடைமடை நம்ம பக்கம். மேட்டூரில் திறந்த தண்ணீர் இங்கே வந்து சேர வழியில் எத்தனை மதகு! எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் உடம்பும் அப்படித்தான். ஒவ்வொரு செல்லிலும் சுமார் 20,000 மரபணுக்கள் இருக்கின்றன. கண்ணில் இருப்பதும் நுரையீரலில் இருப்பதும் அதே மரபணுக்கள்தான். எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். இதையே மரபணுச் செயல்பாடு என்கிறோம்.

ஈ.ஜி.எஃப்.ஆர். என்று ஒரு மரபணு. அது உண்டாக்கும் புரதம் செல்லின் மேல்பரப்பில் காத்திருக்கும். 'வளரு' என்ற சேதி வெளியிலிருந்து வந்தால்தான் உள்ளே கடத்தும். நம் மரபுத்தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். அதில் இந்த மரபணுவின் குறிப்பிட்ட ஓர் எழுத்து மாறிவிட்டால் போதும், சேதி வராமலே 'வளரு, வளரு' என்று கத்திக்கொண்டே இருக்கும். ஷட்டர் இறங்காமல் மாட்டிக்கொண்ட மதகு மாதிரி!

கரையில் நடந்து பார்த்துவரும் லஸ்கர் வேலையைச் செய்வது பி53 என்ற மரபணு. பழுதான செல்லை நிறுத்திவைக்கும், முடியாவிட்டால் அழித்தே விடும். அதுவும் கெட்டுப்போனால் கேட்பாரில்லை. இன்னொரு வகையும் உண்டு. பி16 என்ற மரபணுவில் எழுத்து எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் மெத்தில் என்ற சின்ன வேதிப்பொருள் ஒட்டிக்கொண்டு அதை மூடிவிடும். மதகு நல்லாத்தான் இருக்கு, பூட்டுப் போட்டுட்டாங்க!

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்த மாற்றங்கள் பெரும்பாலும் தாய் தகப்பன் கொடுத்தவை அல்ல. வாழ்நாளில் அந்த நுரையீரல் செல்லில் மட்டும் நேர்ந்தவை. ஆகவே நோயாளியின் வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் தயங்குவது அறியாமை.

மாற்றங்கள் ஏன் நேர்கின்றன? முதல் குற்றவாளி புகையிலைதான். நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் ஓராண்டு சிகரெட் பிடித்தால், நுரையீரல் செல் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 150 மாற்றங்கள் சேர்கின்றன என்று 2016-ல் கணக்கிட்டார்கள். விட்டுவிட்டால் பயன் உண்டா? உண்டு. பழக்கத்தை விட்டவர்களின் மூச்சுக்குழாயில், புகைக்காதவர்களுடையதைப் போன்ற நல்ல செல்கள் கணிசமாக இருப்பதை 2020-ல் கண்டார்கள். வளைகுடாவில் அறைத் தனிமைக்குத் துணையாக சிகரெட்டைப் பிடித்துக்கொண்ட நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புகைக்காதவருக்கும் வருகிறதே? ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் அவர்களிடம்தான் அதிகம். வயதாக ஆகத் தானாகவும் பிழைகள் சேரும். காற்றிலுள்ள நுண்தூசி, ஏற்கெனவே மாறி உறங்கிக்கிடக்கும் செல்களைத் தட்டி எழுப்புகிறது என்று 2023-ல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடுப்படிப் புகையில் காலமெல்லாம் நின்ற நம் தாய்மார்களை நினைத்துக்கொள்ளுங்கள். என் நண்பன் ஒரு தப்பும் பண்ணவில்லை. அதுதான் அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

இனி முக்கியமான செய்தி. ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ள கட்டிகளை ஜெஃபிட்டினிப் என்ற மாத்திரை சுருக்குகிறது என்பது 2004-ல் தெரிந்தது. 2009-ல் வெளியான கிழக்காசிய ஆய்வு இன்னும் தெளிவாக்கியது. மாற்றம் உள்ளவர்களில், நோய் முற்றாமல் தடுப்பதில் கீமோவைவிட மாத்திரை மேல். மாற்றம் இல்லாதவர்களில் கீமோதான் மேல். ஆக, கட்டியைக் கேட்காமல் மருந்து கொடுக்கக் கூடாது! மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 907 இந்திய நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 23 விழுக்காட்டினருக்கு இந்த மாற்றம் இருந்தது. நாலில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. சின்ன எண்ணிக்கையா அது?

முற்றிய நிலையில் இது பூரண குணம் அல்ல. சில காலத்தில் கட்டி வேறொரு மாற்றத்தைத் தேடிக்கொள்ளும். அதற்கு அடுத்த மாத்திரை என்று வைத்தியமும் பின்தொடர்கிறது. ஆனால் அந்த மாதங்களும் ஆண்டுகளும் மகள் கல்யாணத்தைப் பார்க்கவும் பேரனைத் தூக்கவும் கிடைக்கிற காலம். என் நண்பனின் கட்டியில் என்ன மாற்றம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. விலங்கியல் படித்த நானும் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

ஆகவே நண்பர்களே, வாரக்கணக்கில் இருமல் நீடித்தால், சளியில் ரத்தம் கண்டால், சும்மா இருக்காதீர்கள். காசநோய் என்றால் சளிப் பரிசோதனையில் கிருமி தெரிந்ததா என்று கேளுங்கள். மாத்திரை கேட்கவில்லையென்றால் மேற்கொண்டு சோதிக்கச் சொல்லுங்கள். புற்றுநோய் என்று தெரிந்தால், "மரபணுச் சோதனை பண்ணியாச்சா டாக்டர்?" என்று கேளுங்கள். சதை எடுக்க முடியாத இடத்தில் ரத்தத்திலேயே பார்க்கும் முறையும் வந்துவிட்டது.

மாணவச் செல்வங்களே! எந்த மதகு யாருக்கு ஏன் பழுதாகிறது என்பதில் இன்னும் விடை தெரியாதது ஏராளம். நுண்ணோக்கியும் வேண்டும், கணினியும் வேண்டும், பொறுமையும் வேண்டும். கடைமடைக்காரர்களுக்குப் பொறுமையைச் சொல்லித்தரவா வேண்டும்? உங்களில் ஒருவர் அந்த ஆய்வுக்குப் போனால், இங்கே வராத என் நண்பனுக்கு அதுவே அஞ்சலி.