அமுதசுரபியின் தீவிலே
(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



விடுமுறையில் தீவகம் போய் வந்தவர்கள் அங்கு கண்டதை இச்சபையில் சொல்ல வேண்டும் என்று செயலாளர் கேட்டார். கோயிலைப் பற்றியா, சாப்பாட்டைப் பற்றியா என்று நாங்கள் திருப்பிக் கேட்டோம். "இரண்டும் வேறு வேறா?" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னதே இன்றைய பேச்சுக்குப் பொருளாகிவிட்டது.

அம்மம்மா, பெற்றோர், சிற்றப்பா குடும்பம், நாங்கள் என்று பதினொரு பேர் புறப்பட்டோம். பண்ணைத் தாம்போதியால் வேலணைக்குப் போய், வாணர் பாலத்தைக் கடந்தால் புங்குடுதீவு. அத்தீவின் மேற்கே குறிகட்டுவான் இறங்குதுறையில் தரைவழி முடிந்துவிடும். அப்பால் படகுதான். நயினாதீவுக்குக் கால்மணி நேரத்துக்குச் சற்று மேலாகும்.

அந்தப் படகிலே வேட்டி சால்வையோடு நம்மவர்களும், வெள்ளை உடுத்த தென்னிலங்கை யாத்திரிகர்களும் முழங்காலோடு முழங்கால் இடிபட இருப்பார்கள். நாம் போவது நாகபூஷணி அம்மனிடம். அவர்கள் போவது நாகதீப விகாரைக்கு. இரண்டுக்கும் இடையே நடைதூரந்தான். நாக அரசர் இருவர் ஒரு மணியாசனத்துக்காகப் போரிட நின்றார்கள் என்றும், புத்தர் பெருமான் வந்து சமாதானம் செய்தார் என்றும் மகாவம்சம் சொல்லுகிறது. அதே ஆசனச் சண்டையை நம் மணிமேகலையும் சொல்லுகிறது. இரு மொழி நூல்களுக்கும் பொதுவான கதை ஒரு சண்டை தீர்ந்த கதையாக இருப்பது கவனிக்கத்தக்கது. இந்நாட்டில் பிற்காலத்தில் வந்த சண்டைகள் அவ்வளவு எளிதில் தீரவில்லை.

அம்மன் கோயிலின் கதையிலும் ஒரு பகை உண்டு. அம்பாளுக்குப் பூக் கொண்டு கடலில் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்ததாம். வழியில் வந்த வணிகர் ஒருவர் இடைபுகுந்து நாகத்தைக் காப்பாற்றினார் என்பது ஐதிகம். நாகம் சுற்றியிருந்த கல்லென்றும் கருடன் இருந்த கல்லென்றும் இரண்டு கற்களைக் காட்டுவார்கள்.

பூசை முடிந்ததும் அமுதசுரபி அன்னதான மண்டபத்துக்குப் போனோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய், அப்பளம், மோர், பாயசம். பசியோடு வருபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? எங்களுக்கு அடுத்தாற்போல் ஒரு சிங்களக் குடும்பம் இருந்தது. விகாரையில் கும்பிட்டுவிட்டு அம்மனையும் கும்பிட வந்தவர்கள். அம்மம்மாவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. தம் அப்பளத்தை எடுத்து அந்தக் குழந்தையின் இலையில் வைத்தார். தாய் சிரித்தாள், குழந்தை அப்பளத்தை நொறுக்கியது. சம்பாஷணை அவ்வளவுதான்.

கை கழுவும்போது அம்மம்மா சொன்னார்: "எங்கடை காலத்திலை எல்லாரும் இப்பிடி ஒரு வரிசையிலை இருந்து சாப்பிடேல்லை, மோனை." அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. எங்களுக்கோ சுருக்கென்றது. நாங்கள் படித்த மிஷன் பாடசாலை விடுதியில் எல்லாரும் ஒரே மேசையில் உண்டோம். அது உலக வழக்கம் என்றே எண்ணியிருந்தோம். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளில் பிள்ளைகள் அனைவருக்கும் சம ஆசனம் என்ற விதி வந்தபோது, யாழ்ப்பாணத்தில் சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பதைப் பல்கலைக்கழகம் வந்த பின்னரே வாசித்தோம். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்கும் பதினொரு ஆண்டுகளுக்குப் பின், 1968இல், மாவிட்டபுரம் கோயில் வாயிலில் நம்மவர்களை நம்மவர்களே மறித்தார்கள். மேசையில் ஒன்றாக உண்ண மிஷனரிமார் நமக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. பந்தியில் ஒன்றாக உண்பதை மணிமேகலை எப்போதோ சொல்லிவிட்டாள். அதை வாசித்துவிட்டு மூடி வைத்தவர்கள் நாமே.

அந்த மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர் வந்த கதை பலருக்குத் தெரியும். மணிபல்லவம் என்பது இந்த நயினாதீவே என்பது பலர் கொள்கை. வேறிடம் சொல்வோரும் உண்டு. மணிமேகலை அந்தப் பாத்திரத்தைப் பெற்றது நமக்கு நினைவிருக்கும். அதற்கு முன் அது யாரிடம் இருந்தது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். ஆபுத்திரன் அதைக் கொண்டு மதுரையில் பசித்தோரை ஊட்டினான். நாடு செழித்து உண்பார் இல்லாமற் போகவே, பஞ்சம் வந்த சாவக நாட்டுக்குக் கப்பலேறினான். கப்பல் மணிபல்லவத்தில் தங்கியபோது அவன் இறங்கினான். அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. கையிலே வற்றாத பாத்திரம். ஊட்டுவதற்கு ஓர் ஆளில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் துறந்தான்.

அம்மனைத் தரிசிக்கும் நாளில் மச்சம் கூடாதென்பது அம்மம்மாவின் கட்டளை. ஆகவே கூழ் மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று, நெடுந்தீவிலே காய்ச்சினோம். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரக் கடல். 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகைக் கடலில் மறித்து, குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோரை வெட்டிக் கொன்றது இக்கடலிலேதான். சிற்றப்பா அதைச் சொன்னபின் கரை சேரும்வரை ஒருவரும் பேசவில்லை.

தீவிலே சாந்தில்லாமல் அடுக்கிய பவளக்கல் வேலிகள், ஒல்லாந்தர் காலத்துச் சிதைவுகள், வெளியிலே மேயும் மட்டக்குதிரைகள், பெரிய பெருக்கமரம் எல்லாம் பார்த்தோம். ஆனால் எங்கள் கண் அடுப்பிலே இருந்தது. ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டுக் கசப்பு நீரை வடிக்க வேண்டும். பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய் முதலில் வேக வேண்டும். பிறகு மீன், நண்டு, இறால். கடைசியில் மாவையும் அரைத்த செத்தல் மிளகாயையும் பழப்புளியையும் கரைத்துவிட்டு, தடிக்கும்வரை கை ஓயாமல் துழாவ வேண்டும். பனையோலைப் பிளாவில் வார்த்துச் சுற்றியிருந்து குடித்தோம். கூழுக்குத் தனி இலை இல்லை, முதற்பந்தி இல்லை. ஒரு பானை, சுற்றிவர இருப்பவர்கள் எல்லாரும் ஒன்று.

மூன்றாம் நாள் ஊர்காவற்றுறை. கடற்கோட்டையைக் கரையில் நின்று பார்த்தோம். ஒல்லாந்தர் அதற்கு இட்ட பெயருக்குப் பன்றித்தொடையின் குதிக்கால் என்று பொருள்; இலங்கைத் தீவு அவர்கள் கண்ணுக்கு உப்பிட்ட பன்றித்தொடை போலத் தெரிந்ததாம். எதைக் கண்டாலும் சாப்பாடு தோன்றுவது எங்களுக்கு மட்டுமன்று என்று ஆறுதலடைந்தோம்.

ஆறுதல் அடையாத இடம் ஒன்றுண்டு. திரும்பும் வழியில் புங்குடுதீவில் சிற்றப்பாவின் பழைய வளவைப் பார்த்தோம். 1990, 91இல் போர் வந்தபோது தீவகத்தார் எழும்பினார்கள், பலர் திரும்பவில்லை. கூரையில்லாத கல்வீடு, உள்ளே வளர்ந்த ஆலங்கன்று, தூர்ந்த கிணறு. அந்த ஒழுங்கையில் ஏழு வீடு எண்ணினோம்; இரண்டில்தான் அடுப்புப் புகை. வீட்டுக்காரர்கள் கனடாவிலும் பிரான்சிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். அவர்கள் கோயிலை மறக்கவில்லை. கும்பாபிஷேகத்துக்கும் அன்னதானத்துக்கும் பணம் வருகிறது. அதைக் குறை சொல்ல நாங்கள் யார்? ஆனால் திருவிழா முடிந்த மறுநாள் அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? பாத்திரத்தில் சோறிருந்தும் ஆளில்லாத தீவில் நின்ற ஆபுத்திரனை அங்கேதான் நினைத்தோம்.

ஆகையால் எங்கள் வேண்டுகோள் இது. வருகிற டிசம்பர் விடுமுறையில் நம்மில் ஆறேழு பேர் புங்குடுதீவில் பத்து நாள் தங்கி, அங்குள்ள பிள்ளைகளுக்குக் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுப்போம். சிற்றப்பா வளவுக் கிணற்றை இறைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். சமையல் எங்கள் பொறுப்பு. மாவும் பானையும் கொண்டு வருவோம், மீன் அங்கே வாங்கலாம்.