சீட்டாட்டமும் கூட்டாளியும்



ஊரில் திண்ணையில் அமர்ந்து சீட்டாடிய நாட்களில் நமக்குக் கூட்டாளி தமையனாரோ மைத்துனரோதாம். அவர் ஒரு சீட்டை இறக்கியதுமே அதன் குறிப்பு நமக்கு விளங்கிவிடும். அலுவல் நிமித்தம் தில்லிக்கு வந்த புதிதில், நாம் வேற்று மாநில நண்பர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து ஆடினோம். நம் குறிப்பு அவருக்கு விளங்கவில்லை; அவர் குறிப்பு நமக்கு விளங்கவில்லை. இருவரும் நன்றாகவே ஆடத் தெரிந்தவர்கள், எனினும் தோற்றோம்.

இந்த இடர்ப்பாடு கணிப்பொறிக்கும் நேர்ந்துள்ளது. 1997-இல் சதுரங்க வீரர் காஸ்பரோவை இயந்திரம் வென்றது. ஆனால், எதிரியை வெல்வது ஒரு கலை. துணைவரின் கருத்தறிந்து நடப்பது வேறொரு கலை. பின்னதைச் சோதிப்பதற்கென 2019-இல் ஆய்வாளர் சிலர் 'ஹனாபி' என்னும் சீட்டாட்டத்தைத் தேர்ந்தெடுத்தனர். ஜப்பானிய மொழியில் வாணவேடிக்கை என்பது அதன் பொருள். அதனை அமைத்தவர் பிரெஞ்சுக்காரரான அந்துவான் போசா.

இவ்வாட்டத்தில் எதிர்க்கட்சி இல்லை. ஐந்து வண்ணங்களில் 50 சீட்டுகள் உண்டு. ஒவ்வொருவரும் தம் சீட்டுகளைப் பிறர் மட்டும் காணுமாறு பிடிக்கவேண்டும், தாம் பார்க்கலாகாது. ஒவ்வொரு வண்ணத்தையும் ஒன்று முதல் ஐந்து வரை வரிசையாக அடுக்கினால் முழு மதிப்பு 25. துணைவரிடம், "இவை சிவப்பு", "இவை இரண்டு" என வண்ணத்தையோ எண்ணையோ மட்டும் சுட்டலாம், அதற்கும் அளவுண்டு. ஆகவே, ஒருவர் சொன்னதைக் கேட்டால் மட்டும் போதாது. அதனை இப்போது ஏன் சொன்னார் என்றும் ஊகிக்கவேண்டும்.

கணிப்பொறியைத் தன்னுடனேயே எண்ணற்ற முறை ஆடவிட்டனர். இருவர் ஆட்டத்தில் அது சராசரியாக 24 அளவில் மதிப்பெண் பெற்றது. ஆனால், தனியே பயின்ற வேறொன்றுடன் சேர்த்தபோது அத்திறன் சரிந்தது. "சிவப்பு என்றால் முதற் சீட்டை இறக்கு" என்பது போன்ற தனிக் குறிகளை ஒவ்வொன்றும் தனக்கென வகுத்துக்கொண்டதே காரணம்.

2020-இல் இதற்கொரு வழி கண்டனர். பயிற்சியின்போது துணைவருக்கு மட்டும் வண்ணங்களை மாற்றி மாற்றிக் காட்டினர். ஒருவர்க்குச் சிவப்பாயிருப்பது மற்றவர்க்கு நீலமாகும். அந்நிலையில் தற்செயலான குறிகள் பயனற்றுப் போயின; ஆட்டத்தின் இயல்பைக்கொண்டே எவரும் ஊகிக்கத்தக்க குறிப்புகள் நிலைத்தன. இவ்வாறு பயின்றவை, பழகாத துணைவரோடும் மனிதரோடும் முன்னினும் நன்கு ஆடின.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இது நன்கு பழகிய பாடம். நம் வீட்டாருக்கு அரைச்சொல் போதும். அறியாதவருக்கு முழுச்சொல் வேண்டும். அந்தத் தில்லி நண்பருடன் பின்னர்ப் பன்முறை ஆடி வென்றதும் உண்டு. சீட்டை இறக்குமுன், "இது அவருக்கு எவ்வாறு தோன்றும்?" எனச் சற்றே எண்ணிப் பார்க்க இருவரும் கற்றுக்கொண்டோம். கணிப்பொறிக்கு இன்று கற்பிக்க முயல்வதும் அதுவே.