படத்தில் விரல் வையுங்கள்



1639-ம் ஆண்டு ஆகஸ்ட் 22-ஐச் சென்னையின் பிறந்தநாளாக வைத்துக்கொண்டு, 2004 முதல் ஒவ்வோர் ஆண்டும் இந்த வாரத்தைக் கொண்டாடி வருகிறோம். சென்னை வரலாற்றை எழுதிய, மறைந்த எஸ். முத்தையா அவர்களும் அவருடைய நண்பர்களும் போட்ட விதை இது. கோட்டையைப் பற்றி, கோயிலைப் பற்றி, பழைய சினிமாக் கொட்டகைகளைப் பற்றி இந்த வாரம் நிறையப் பேர் பேசுவார்கள். நான் பேச வந்திருப்பது அதோ அந்தச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பற்றி. விமானத்தில் பறந்தபடி யாரோ எடுத்த பழைய படங்கள். சிலவற்றின் பின்புறம் தேதி கிடையாது. சிலவற்றில் ஊர்ப் பெயரே கிடையாது.

நீங்கள் உள்ளே வந்தபோது நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருவர் பாக்கியில்லாமல் முதலில் தேடியது உங்கள் தெருவை. அப்புறம் உங்கள் வீட்டை. அதில் தப்பே இல்லை. அந்தத் தேடலிலிருந்துதான் படங்களை அடையாளம் காணும் வேலை ஆரம்பமாகிறது.

இங்கிலாந்தில் 1919-ல் ஏரோஃபிலிம்ஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். முதல் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. விமானத்திலிருந்து படம் எடுத்து விற்பதுதான் தொழில். ஆலை முதலாளிகள் தங்கள் ஆலையை மேலிருந்து பார்க்க ஆசைப்பட்டு வாங்கினார்கள். படம் பத்தாயிரம், இருபதாயிரம் என்று குவிந்தது. 2007-ல் அந்தச் சேகரிப்பை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றின் மரபுப் பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்து வாங்கின. 1919 முதல் 1953 வரையிலான 95,000 படங்களைக் காப்பாற்றிப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அவற்றில் எந்த ஊர் என்றே பிடிபடாத படங்களும் இருந்தன. அவற்றை மக்கள் முன்னால் வைத்து, ‘உங்களில் யாருக்காவது இது தெரிகிறதா?’ என்று கேட்டார்கள். ஒருவர் ஒரு புகைபோக்கியை அடையாளம் கண்டார். இன்னொருவர் ஒரு ரயில் வளைவைக் கண்டார். அதிகாரிகளால் முடியாததை உள்ளூர்க்காரர்கள் செய்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான், இதை நம் ஊரிலும் செய்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

எப்படிப் பார்ப்பது? சென்னைப் படம் என்றால் முதலில் கடலைத் தேடுங்கள். கடல் இருக்கும் பக்கம் கிழக்கு. கடல் படத்துக்குள் வரவில்லையா, கோயிலைத் தேடுங்கள். கோபுரமும் குளமும் சேர்ந்து தெரிகிறது, ஆனால் அது மயிலாப்பூரா திருவல்லிக்கேணியா என்று சந்தேகம் வருகிறது என்று வையுங்கள். கபாலீசுவரர் கோயிலில் பெரிய கோபுரம் கிழக்கே, தெப்பக்குளம் மேற்கே. பார்த்தசாரதி கோயிலில் குளம் கிழக்கே, சன்னதிக்கு எதிரில். தினம் கும்பிடப் போகிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படத்தின் முன்னால் நிற்கும்போது நினைவுக்கு வந்தால் போதும்.

அடுத்து கோடுகளைப் பாருங்கள். தெரு மூலையில் நறுக்கென்று திரும்பும். ரயில் பாதையால் அப்படித் திரும்ப முடியாது, அகலமாக வளைந்துதான் போகும். மண் சாலை வெளுப்பாகத் தெரியும். தண்ணீர்தான் ஆளை ஏமாற்றும். வெயில் சரியான கோணத்தில் பட்டால் ஏரி வெள்ளித்தட்டு மாதிரி மின்னும், படாவிட்டால் கரிய மை மாதிரி கிடக்கும். ஒரே படத்தில் ஒரு குளம் வெள்ளையாகவும் பக்கத்துக் குளம் கறுப்பாகவும் இருக்கலாம். வெள்ளையைப் பார்த்து மைதானம் என்று எழுதிவிடாதீர்கள்.

பிறகு நிழல். இங்கிலாந்தில் நடுப்பகல் நிழல் வருஷம் முழுக்க வடக்கே விழும். அவர்கள் எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு நம் ஊர்ப் படத்தைப் படித்தால் தலைகீழாகப் போய்விடும். நம் சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அப்போது நிழல் தெற்கே விழும். ஆகவே, உச்சிவேளைப் படத்தில் நிழல் தெற்கே விழுந்திருந்தால் அது கோடையிலோ ஆடியிலோ எடுத்தது என்று துணிந்து சொல்லலாம். தேதி எழுதாத படத்துக்கு மாதத்தைத் தோராயமாகச் சூரியனே எழுதிக் கொடுத்திருக்கிறது!

ஆண்டைக் கண்டுபிடிக்கக் கட்டடங்கள் உதவும். மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் நிற்கிறதா? 1959-க்குப் பிந்திய படம். ஜெமினியில் மேம்பாலம் இல்லையா? 1973-க்கு முந்தியது. சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் முழுசாக இருக்கிறதா? 1985-ல் அது எரிவதற்கு முன்னால் எடுத்தது. கட்டடமே இல்லாத மெரினா மணலிலும் கடிகாரம் இருக்கிறது. துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மணல் சேர்ந்துகொண்டே வந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்துக்கொண்டே போனது. மணல் எவ்வளவு அகலம் என்று பார்த்தே எது முந்திய படம், எது பிந்திய படம் என்று வரிசைப்படுத்தலாம்.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியது. படித்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒன்றைச் சொல்கிறேன்.

மூன்று வருஷம் முன்னால், எங்கள் குழு அன்பர் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு படம் எடுத்து வந்தார். ஆறு ஒன்று, அதன் மேல் நிறைய வளைவுகள் கொண்ட பழைய பாலம். சைதாப்பேட்டை மர்மலாங் பாலம் என்று கண்டுகொண்டோம். 1726-ல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தம் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்த பாலம் அது. இன்று அங்கே நிற்பது 1960-களில் கட்டிய மறைமலை அடிகள் பாலம். ஆகவே படம் அதற்கு முந்தியது. அதுவரைக்கும் சரி. ஆனால் ஆற்றங்கரையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், வரிசை வரிசையாக. அது என்ன என்றுதான் பிடிபடவில்லை. ஒருவர் உப்பளம் என்றார். ஆற்றங்கரையில் ஏது உப்பளம் என்று இன்னொருவர் மறுத்தார். ராணுவக் கூடாரமாக இருக்கும், யுத்த காலத்துப் படம் என்றார் அவர். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினோம்.

எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்த பையனோடு அவனுடைய ஆயாவும் வந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். எங்கள் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மேசைக்கு அருகில் வந்து, படத்தின் மேல் விரலை வைத்தார்.

“துணிப்பா இது. மணல்ல விரிச்சிருக்கு.”

எங்களில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அவரே தொடர்ந்தார். “எங்க மாமியார் காலத்துத் துறை. வெள்ளையெல்லாம் இந்தப் பக்கம், சாயம் போற துணி அந்தப் பக்கம். ஒண்ணா விரிக்க மாட்டோம். வரிசை பூரா ரொம்பியிருக்கு பாரு, பதினோரு மணி இருக்கும். மூணு மணிக்கெல்லாம் மடிச்சி மூட்டை கட்டிடுவோம்.”

நாங்கள் உடனே நிழலைப் பார்த்தோம். மரங்களின் நிழல் மேற்கே சாய்ந்து, குட்டையாக இருந்தது. நடுப்பகலுக்குச் சற்று முந்திய நேரம். அந்த ஆயா சொன்ன மணி சரி. வெள்ளைப் புள்ளிகளுக்குத் தள்ளிச் சாம்பல் நிறத்தில் சில திட்டுகள் இருந்தன. அவற்றை நாங்கள் புல் என்று எழுதி வைத்திருந்தோம். அவைதான் சாயத் துணிகள்.

நண்பர்களே, அந்த ஆயா பள்ளிக்கூடத்துக்குப் போனவர் இல்லை. அவர் அன்று வரவில்லை என்றால் அந்தப் படத்தில் இன்றைக்கும் ‘ராணுவக் கூடாரம், யுத்த காலம்’ என்றுதான் எழுதியிருக்கும். அதைப் பார்த்து நாளைக்கு ஒரு மாணவன் கட்டுரை எழுதுவான். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கைகாலை நோகடித்து உழைத்த ஒரு துறை, வரலாற்றில் இல்லாமலே போயிருக்கும். படத்தில் உருவம் இருக்கிறது. பெயரும் தொழிலும் மனிதர்களிடம் இருக்கின்றன. அந்த ஆயா போன வருஷம் காலமாகிவிட்டார்.

இப்போது நம் பேட்டையான மேற்கு மாம்பலத்துக்கு வருகிறேன். நாம் கூடியிருக்கும் இந்த இடத்துக்குக் கிழக்கே ஒரு பெரிய ஏரி இருந்தது. நுங்கம்பாக்கத்தில் ஆரம்பித்து, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே தெற்கு நோக்கி நீண்டு, சைதாப்பேட்டைப் பக்கம் வரை கிடந்தது. அதன் நீளத்தைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் ‘லாங் டேங்க்’ என்றே பெயர் வைத்தார்கள். 1920-களில் தண்ணீரை வடித்து, மண் போட்டு, மனை பிரித்து, தியாகராய நகரை உண்டாக்கினார்கள். நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயர் ஊருக்கு. பனகல் அரசர் பெயர் பூங்காவுக்கு. பழைய வான்படத்தில் அந்தப் பூங்காவிலிருந்து சாலைகள் விசிறி மாதிரி விரிவதைப் பார்த்தால், எவ்வளவு அழகாகத் திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று மனம் மகிழும். நகரத்துக்கு வீடு தேவைப்பட்டது, கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஏரி இருந்தது என்பதையே நாம் மறந்தோமே, அதைக் குறை சொல்கிறேன்.

பெயர்ப் பலகைகள் மறக்கவில்லை. இங்கே லேக் வியூ ரோடு. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை. இன்னொரு ஏரியை நினைவில் வைத்துக்கொண்டு சேத்துப்பட்டில் ஸ்பர் டாங்க் ரோடு. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் அந்தப் பழைய ஏரி நிலத்தில்தான்.

தண்ணீரும் மறக்கவில்லை. 2021 நவம்பரில் இந்தப் பேட்டையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். அரிசி மூட்டையைத் தூக்கிப் பரணில் வைத்தேன், பத்திரங்களை எடுத்தேன். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த குடும்ப ஆல்பத்தை மறந்துவிட்டேன். நான்கு நாள் கழித்து எடுத்தபோது படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தால் முகங்கள் உரிந்து வந்தன. என் அம்மாவின் கல்யாணப் படத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு தோளும் மாலையும்தான். அந்த வாரம்தான் நான் வான்படத்தில் ஏரியின் கரையைத் தேட ஆரம்பித்தேன். என் வீடு கரைக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நம் பகுதியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. ஆகவே ஏரிக்குக் கரை பெரும்பாலும் கிழக்கே இருக்கும். மேற்கே நீர் பரவிக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் பாதி நிலா மாதிரி. அதை இன்னும் உயரத்திலிருந்து எடுத்த படங்களிலும் பார்க்கலாம். அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களின் ரகசியத்தை 1995-ல் விலக்கினார்கள். படம் எடுத்து முடித்ததும் பிலிம் சுருளைப் பெட்டியில் வைத்துக் கீழே போடும். பாராசூட்டில் இறங்கும்போது விமானம் கொக்கி போட்டு நடுவானிலேயே பிடிக்கும். பகை நாட்டை வேவு பார்ப்பதற்காக எடுத்த அந்தப் படங்களில் இன்று நம் ஏரிகளைத் தேட முடிகிறது. ஊரெல்லாம் பாதி நிலா, பாதி நிலாவாக!

அந்தப் படத்தையும் இன்றைய தெரு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இனி வெறும் பொழுதுபோக்கு இல்லை. வீடு வாங்கப் போகிறவர் பார்க்க வேண்டும். வடிகால் வெட்டப் போகிறவர் பார்க்க வேண்டும். வெட்டும் முன்னால் அந்தத் தெருவில் ஐம்பது வருஷம் குடியிருந்தவரைக் கூப்பிட்டு, ‘மழைத் தண்ணீர் முன்பு எந்த வழியாகப் போகும்?’ என்று கேட்க வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று அவைத் தலைவர் பார்க்கிறார், முடித்துக்கொள்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே மாடியில் பெரிய மேசை போட்டுப் படங்களை விரித்து வைக்கிறோம். படத்தின் மேல் மெல்லிய தாள் போட்டிருக்கும், பென்சில் இருக்கும். கண்ணாடி மறந்தவர்களுக்குப் பூதக்கண்ணாடி இருக்கும். தயவுசெய்து தனியாக வராதீர்கள். வீட்டில் இருக்கும் தாத்தாவை, பாட்டியை, உங்கள் தெருவில் இஸ்திரி போடும் பெரியவரை, ஓய்வு பெற்ற தபால்காரரை, கிணறு தூர் வாரியவரைக் கூட்டி வாருங்கள். படியேற முடியாதவர்கள் இருந்தால் இன்றைக்கே நூலகரிடம் சொல்லுங்கள், படத்தை நாங்கள் அவர்கள் வீட்டுக்கே கொண்டு வருகிறோம்.