கடற்கரை முதல் தாம்பரம் வரை
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கோயில் கட்டிய வரலாற்றை இந்த மேடையில் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நம்மையெல்லாம் இங்கே கொண்டுவந்து சேர்த்த ரயில் பாதையைப் பற்றிச் சொல்லும்படி விழாக் குழுவினர் எங்களைப் பணித்தார்கள். அந்தப் பாதையில் சீசன் டிக்கெட்டோடு வயதானவர்கள் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு தகுதி இல்லை.

தென்னாட்டின் முதல் ரயில் 1856-ல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. எழும்பூர் நிலையம் 1908-ல் வந்தது. ஆனால் நம்மைப் போன்ற குமாஸ்தாக்களின் கதை தொடங்குவது 1931-ல், கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோதுதான். ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பட்டணத்தில் வேலை, புறநகரில் வீடு என்ற வாழ்க்கை அதனால்தான் எளியவர்களுக்கும் கைகூடியது. மாம்பலத்தில் ஏரி கிடந்த இடத்தில் 1920-களில் தியாகராய நகர் எழுந்திருந்தது. தண்டவாளத்துக்கு அப்புறம் இருந்தது மேற்கு மாம்பலம் ஆயிற்று. தூரத்தில் இருந்தவர்களைச் சேர்த்த அதே பாதை பக்கத்தில் இருந்தவர்களை இரண்டாக வகுத்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

நிலையங்களின் பெயர்களைக் கவனியுங்கள். தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியால் குரோம்பேட்டை. பரங்கிமலையில் இறங்கி, 1523-ல் எழுந்த மாதா கோயிலுக்குப் படியேறாத குடும்பம் நம்மில் இருக்காது. குரோம்பேட்டைக்கு அடுத்தது சானடோரியம். ஒரு நோயாளர் இல்லத்தின் பெயரையே தாங்கிய நிலையம்!

1928-ல் அங்கே காசநோயாளருக்கு இல்லம் அமைத்தவர் டாக்டர் சவரிமுத்து. இங்கிலாந்தில் இந்நோய்க்கே சிகிச்சை இல்லம் நடத்தியவர். அப்போது ஸ்டிரெப்டோமைசின் கிடையாது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, ஊட்டமான உணவு, இவையே மருந்து. 1937-ல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில்தான் கிறிஸ்தவக் கல்லூரியும் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது.

1950-களில் நாங்கள் அரைக்கால்சட்டைப் பையன்கள். எங்கள் தெருவில் தையல் வேலை செய்த ஒரு அண்ணன் இருமத் தொடங்கினார். மாதந்தோறும் சானடோரியத்துக்குப் போய் வந்தார். டிக்கெட் கவுன்டரில் அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு வாய் வராது. "தாம்பரம் ஒண்ணு" என்று கேட்டு வாங்கி, தாம்பரம் வரை போய், அங்கிருந்து வெயிலில் திரும்பி நடப்பார். கவுன்டர் வரிசையில் தெரிந்தவர் நின்றால் என்ன செய்வது? நாங்களும் தெரிந்தும் தெரியாதவர்களாகவே இருந்தோம். அவர் ஏறிய பெட்டியில் ஏறாதே என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். நாங்கள் ஏறவில்லை. அவருக்குத் துணையாக ஒரு நாள்கூட எவரும் போனதில்லை, பங்கில் ஒருவருமே.

சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தின் முடிவு 1959-ல் வெளியாயிற்று. வீட்டிலேயே மருந்து உட்கொண்டாலும் சானடோரியத்தில் போலவே குணமாகும், உடன் வாழ்கிறவர்களுக்கு அதனால் ஆபத்து கூடுவதில்லை என்று உலகத்துக்கே சொன்னது அது. நம் பட்டணத்தில் கண்ட உண்மை நம் தெருவுக்கு வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. 1990-களில் எய்ட்ஸ் நோயாளரை அதே மருத்துவமனை சேர்த்துக்கொண்டபோது, அதே பழைய பயத்தை மறுபடியும் கண்டோம்.

அந்த அண்ணன் குணமாகித் திரும்பினார். எங்கள் திருமணச் சட்டைகளை அவர்தான் தைத்தார். பழைய கதையை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர் இப்போது இல்லை.

மீட்டர் கேஜ் வண்டி 2004-ல் நின்றுபோயிற்று. சானடோரியத்துக்கு எதிரே 1984-ல் ஏற்றுமதி வளாகம் வந்தது, 2005-ல் சித்த மருத்துவ நிறுவனமும் வந்தது. காலையில் அந்த நிலையத்தில் இறங்கும் பெண் பிள்ளைகளின் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். சென்ற மாதம் கவுன்டரில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண், சாப்பாட்டுத் தூக்கைக் கையில் மாட்டிக்கொண்டு, "சானடோரியம் ஒண்ணு" என்று உரக்கக் கேட்டாள். அடுத்து எங்கள் முறை. நாங்களும் அதையே கேட்டு வாங்கினோம். அன்று எங்களுக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை.