பனையும் பள்ளிக்கூடக் கட்டுரையும்



கவிதை, சிறுகதை, நாவல் என்று பேசப்படும் இலக்கிய நிகழ்ச்சியிலே பாடசாலைக் கட்டுரைக்கு என்ன இடம் என்று நீங்கள் கேட்கலாம். கதையொன்றும் எழுதாமல் வாழ்ந்து முடித்தவர்கள் நம்மிடையே ஏராளம். கட்டுரை எழுதாமல் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவரைக் காண்பது அரிது. ஆகவே இதைப் பற்றியும் கொஞ்சம் பேசத்தான் வேண்டும்.

கட்டுரை என்ற சொல் பழையது. சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தின் இறுதிக் காதைக்குக் கட்டுரை காதை என்றே பெயர். மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு எடுத்துச் சொல்லும் வரலாறு அது. அங்கே கட்டுரை என்பது வாயால் சொல்லும் உரை. அச்சு யந்திரம் வந்த பின்னர், 19ஆம் நூற்றாண்டிலேதான், பிள்ளைகள் படிப்பதற்கென்று உரைநடை பெருகியது. அதிலே ஆறுமுக நாவலருடைய பாலபாடங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

முப்பது வருடங்களுக்கு மேலாகத் தமிழ் படிப்பித்தவன் நான். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் கட்டுரை படிப்பித்தாயிற்று என்று நினைப்போர் உளர். பிள்ளையோ முன்னுரையிலேயே பேனையைக் கடித்துக்கொண்டு இருந்துவிடும். சொல்லப்போவது எதுவென்று தெரியாமல் அதற்கு முன்னுரை எழுதுவது எப்படி? நான் நடுவிலிருந்து தொடங்கச் சொல்வேன். முன்னுரை கடைசியாக வரட்டும்.

பனையை எடுத்துக்கொள்வோம். வடக்கிலே இந்தத் தலைப்பில் எழுதாத பிள்ளை இல்லை. "பனை ஒரு கற்பகதரு" என்று தொடங்கும். பிறகு நுங்கு, பனங்கட்டி, ஒடியல், பனாட்டு, கடகம், பாய் என்று கடைச் சிட்டை போல நீளும். பொய் ஒன்றுமில்லை. ஆனால் எதை முன்னுக்கு வைத்தாலும் எதைப் பின்னுக்கு வைத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. அப்படியானால் அது இன்னும் கட்டுரை ஆகவில்லை.

முதலில் தெரிந்ததையெல்லாம் ஒரு தாளிலே ஒழுங்கில்லாமல் குறிக்க வேண்டும். அடுத்து, அவற்றை எந்த ஒழுங்கில் வைப்பது என்று தீர்மானிக்க வேண்டும். இதுதான் கடினமான வேலை. மாதங்களின்படி வைத்துப் பாருங்கள். நுங்கு குடித்த கோடை, பழம் விழும் ஆவணி, கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கும் காலம், கிழங்கு கிண்டும் தை மாசி, பிறகு ஒடியலும் புழுக்கொடியலும் காயும் முற்றம். இப்போது ஒன்று மற்றதைக் கூட்டிக்கொண்டு வருகிறது. பழம் விழாமல் பாத்தி இல்லை. பாத்தி இல்லாமல் கிழங்கு இல்லை. பந்திகளும் தாமாகவே பிரிகின்றன. ஒரு பந்தியை ஒரே வசனத்தில் சுருக்கிச் சொல்ல முடியாவிட்டால் அதற்குள் இரண்டு பந்திகள் இருக்கின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். அவர்கள் அதைச் சீக்கிரமே பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. ஆண்பனையில் நுங்கு காய்க்காது. பனங்காணியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் கட்டுரையில் எழுதமாட்டார்கள். மனப்பாடம் செய்த கட்டுரையில் அது இல்லையே!

1995 ஒக்டோபரில் வலிகாமத்துச் சனங்கள் இடம்பெயர்ந்து வந்தபோது நான் தென்மராட்சியிலே படிப்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் இருந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் கொப்பி இல்லை. பனையைப் பற்றி எழுதச் சொன்னேன். இடம்பெயர்ந்து வந்த ஒரு மாணவி கற்பகதருவைத் தொடவே இல்லை. வளவிலே நின்ற பனைகளைத் தறித்துக் குற்றிகளைப் பதுங்குகுழிக்கு மேலே அடுக்கியதை எழுதியிருந்தாள். எத்தனை மரம் தறித்தது, எதை ஏன் விட்டது, தறித்த அன்று அப்பாச்சி சாப்பிடாமல் இருந்தது. எல்லாம் நடந்த ஒழுங்கிலேயே இருந்தன. சொல்லெழுத்துப் பிழைகள் பல.

உடன் படிப்பித்த ஆசிரியர் ஒருவர் அதை வாசித்துவிட்டு, "தலைப்பு பனையின் பயன்கள். பரீட்சையில் இதற்குப் புள்ளி போடமாட்டார்கள்" என்றார். பனையின் பயன்களில் அதுவும் ஒன்றுதானே என்று நான் கேட்டேன். பரீட்சையைப் பற்றி அவருடைய கவலை நியாயமானது; அதற்காக அந்தக் கட்டுரையைக் குறைத்து மதிக்க என்னால் முடியவில்லை. எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். தலைப்பிலே உள்ள "பயன்" என்ற சொல்லை முன்னுரையில் ஓரிடத்திலாவது கொண்டுவரும்படி சொன்னேன். முடிவுரையும் இல்லை, எழுதிக்கொண்டு வா என்றேன்.

அடுத்த நாள் இரண்டு வசனம் எழுதிக்கொண்டு வந்தாள். கிணற்றடியில் இரண்டு வடலிகளைத் தறிக்காமல் விட்டிருக்கிறார்களாம். அவை ஆணா பெண்ணா என்று இன்னும் தெரியாதாம்.